எலக்ட்ரோடைத் தூக்கிப் போடுமுன் மில்லிவோல்ட்டைப் பாருங்கள்

தேவதானப்பட்டியில் வேதியியல் படித்து முடித்தவருக்கு ஆய்வக வேலை என்றால் பெரும்பாலும் பெரியகுளம், தேனி பக்கம்தான். மண் பரிசோதனை, குடிநீர், பழச்சாறு, சர்க்கரை ஆலை என்று எங்கே சேர்ந்தாலும் மேசை மேல் ஒரு பி.எச். மீட்டர் உட்கார்ந்திருக்கும். "ரீடிங் நிக்க மாட்டேங்குது, புதுசுக்கு இன்டென்ட் போடுங்க" என்பதுதான் அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு. சேர்ந்த வாரத்திலேயே அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு சொல்லத் தெரிந்தவரை மேலாளர் கவனிப்பார்.

மீட்டரை மில்லிவோல்ட் முறைக்கு மாற்றுங்கள். பி.எச். 7 பஃபரில் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து இரு பக்கமும் 30க்குள் இருந்தால் சரி. அடுத்து 4.01 பஃபர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 25 டிகிரியில் 177 வர வேண்டும். 168 வந்தால் ஸ்லோப் (வர வேண்டிய வித்தியாசத்தில் வந்த பங்கு) 95 சதவீதம், கவலை இல்லை. 150ஐ ஒட்டி வந்தால் எலக்ட்ரோடுக்குச் சிகிச்சை தேவை. இரண்டு பஃபரிலும் ஒரே எண் நின்றால் பல்பில் விரிசல், அல்லது கேபிளில் கோளாறு. கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் அறை 35 டிகிரியைத் தொட்டால் அதே வித்தியாசம் 183 வரை போகும். வெப்பநிலையைப் பார்க்காமல் சதவீதம் போடாதீர்கள்.

பாதி எலக்ட்ரோடுகள் கெடுவது டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுவதால்தான் என்பது என் கணிப்பு. சுத்தமான தண்ணீர்தானே என்ற நினைப்பு. அந்தத் தண்ணீர் உள்ளேயிருக்கும் பொட்டாசியம் குளோரைடை வெளியே இழுத்துவிடும். வைக்க வேண்டியது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்: 22.4 கிராமைக் கரைத்து 100 மில்லியாக்கினால் போதும். மூடிக்கு வெளியே வெள்ளையாக உப்புப் படிந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். காய்ந்துபோன எலக்ட்ரோடை இதே கரைசலில் ஓர் இரவு ஊறவிடுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

மண் ஆய்வகத்தில் தொல்லை வேறு மாதிரி. 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி நீர் விட்டுக் கலக்கிய கலவையில் நாள் முழுக்க முக்கி எடுத்தால், பல்புக்குச் சற்று மேலே பக்கவாட்டில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைக் களிமண் அடைத்துக்கொள்ளும். அதுதான் ஜங்ஷன். அடைத்தால் ரீடிங் ஊர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு வாஷ் பாட்டிலால் பீய்ச்சிக் கழுவுங்கள். டிஷ்யூவால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உப்பு இறுகி அடைத்திருந்தால், பொட்டாசியம் குளோரைடு கரைசலை 50 டிகிரிக்குச் சூடாக்கி, எலக்ட்ரோடை அதில் நிறுத்தி, அப்படியே ஆறவிடுங்கள்.

சுண்ணாம்புப் படிவுக்கு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால் மணி நேரம். 8.3 மில்லி அடர் அமிலத்தைத் தண்ணீரில் விட்டு ஒரு லிட்டராக்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குக்கு மிதமான சோப்புநீர். பால், புரதம் ஒட்டியிருந்தால் அதே அமிலத்தில் பெப்சின் கலந்து ஊறவிடலாம். ஜங்ஷன் கறுத்திருந்தால் வெள்ளி சல்பைடு. அதற்கு அமிலத்தோடு தயோயூரியா. எதைச் செய்தாலும் பிறகு கழுவி, ஒரு மணி நேரம் பொட்டாசியம் குளோரைடில் வைத்துவிட்டுத்தான் கேலிபரேஷன். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அமோனியம் பைஃபுளோரைடு கொண்டு கண்ணாடியை அரிக்கும் முறையும் உண்டு. புதிதாக வந்தவர் அதைத் தொடவே வேண்டாம்.

பல்புக்குள் காற்றுக்குமிழி தெரிந்தால், காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியை உதறுவதுபோல் கீழ்நோக்கி உதறுங்கள். திரவம் நிரப்பும் வகை என்றால் அளக்கும்போது மேல் துவாரம் திறந்திருக்கட்டும். உள்ளே திரவமட்டம் மாதிரியின் மட்டத்தைவிட உயரமாக நிற்கட்டும். ஜெல் வகையில் நிரப்ப வழியில்லை. சிகிச்சைக்குப் பிறகும் ஸ்லோப் ஏறாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

 

இன்டென்ட் எழுதியே தீர வேண்டியிருந்தால் "பழுது" என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு பஃபரின் மில்லிவோல்ட், வெப்பநிலை, எந்தச் சிகிச்சை செய்தீர்கள், அதன் பிறகு எவ்வளவு வந்தது, எலக்ட்ரோடு வாங்கிய மாதம் என எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றை மீட்டரின் பதிவேட்டில் ஒட்டிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.