கடல் கொண்ட தனுஷ்கோடி

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஓரிடத்தில், நிலமானது இலங்கையைத் தொட விரும்பியதுபோலக் கடலினுள் ஒடுங்கி நீண்டு செல்கிறது. அந்நீட்சிக்கு அப்பால், பாம்பன் கால்வாயைக் கடந்து கிடப்பதே இராமேசுவரத் தீவு. அத்தீவின் தென்கிழக்கு முனையில் உள்ளது தனுஷ்கோடி. ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் இத்தீவிற்கு வருகின்றனர். நீராடி இறைவனை வழிபட வருவோரும் உளர். கடலின் எழிலைக் கண்டு ஒரு பகற்பொழுதை இனிது கழிக்க வருவோரும் உளர். ஆயினும் இவ்விடத்தின் அழகு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. இதன் வரலாற்றை அறிந்தோர்க்கே இது முழுமையாகப் புலப்படும்.

தீவினுள் நுழைவோரை முதலில் வியப்பில் ஆழ்த்துவது பாம்பன் பாலம். கடலின்மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்கு அமைந்த பழைய இரயில் பாலம் 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கப்பல் வருங்கால் அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் உயர்ந்து வழிவிடும். 1988-இல் அதனருகே சாலைப் பாலம் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் பணிபுரிந்த பழைய பாலத்தில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இரயில் போக்குவரத்து நின்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், நடுப்பகுதி முழுவதும் அப்படியே மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறது.

இராமேசுவரத்தில் காணத்தக்கது இராமநாதசுவாமி கோயில். சேதுபதி மன்னர்களின் திருப்பணியால் சிறப்புற்ற அதன் மூன்றாம் திருச்சுற்றில் 1212 தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒரு கோடியில் நின்று நோக்குவோர்க்கு மறுகோடி ஒரு சிறு புள்ளியாகவே தோன்றும். கோயிலினுள் 22 தீர்த்தங்கள் உள்ளன.

குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் 1931-இல் பிறந்த ஊரும் இதுவே. அவருடைய தந்தையார், அடியார்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லும் படகு ஒன்றை உடையவராயிருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் இரயில் நில்லாது சென்றது. ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துச் சேர்க்கும் பணியைச் சிறுவன் கலாம் செய்தார். அவ்வண்டி சென்ற இருப்புப்பாதை இன்று இல்லை. அது மறைந்த கதையே தனுஷ்கோடியின் கதை.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியில் நீர் சூழ்ந்த ஓர் இடத்தில் கோதண்டராமர் கோயில் நிற்கிறது. செல்லச் செல்ல நிலம் குறுகி, சாலையின் இருமருங்கும் கடலே காட்சியளிக்கும். வடபால் உள்ள கடல் பெரும்பாலும் அலையடங்கிக் குளம்போல் கிடக்கும். அதனைப் பெண்கடல் என்பர். தென்பால் உள்ள மன்னார்க்கடல் ஓங்கி முழங்கும்; அதனை ஆண்கடல் என்பர். இரண்டும் கூடும் இடம் அரிச்சல்முனை. அங்கு வரை செல்லும் சாலை 2017-இல் திறக்கப்பட்டது.

ஒரு காலத்தில் தனுஷ்கோடி ஆரவாரம் மிக்க துறைமுகமாக விளங்கியது. சென்னையில் புகைவண்டி ஏறியோர் இங்கு இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் புகைவண்டியில் கொழும்பை அடைந்தனர். இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, மாதா கோயில் ஆகிய யாவும் இங்கு இருந்தன.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு கொடிய புயல் ஒன்று இவ்வூரைத் தாக்கியது. உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மேல் பேரலைகள் எழுந்து வந்தன. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில், தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் அலைகளுக்கு இரையாயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் எவரும் உயிர் தப்பவில்லை. பொழுது விடிந்தபோது ஊர் இருந்த இடத்தில் நீரும் மணலுமே எஞ்சின. மக்கள் வாழத் தகாத இடம் என அரசு அறிவித்தது. பாம்பன் பாலமும் பெருஞ்சேதமுற்றது. எனினும் பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் தொழிலாளர் இரவு பகலாக உழைத்து, 46 நாள்களில் அதனைச் சீர்செய்தனர். பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை.

மாதா கோயிலின் கூரையற்ற சுவர்களும், இரயில் நிலையத்தின் இடிபாடுகளும் இன்றும் நிற்கின்றன. அச்சுவர்களில் பவளப்பாறைக் கற்களைக் காணலாம். முற்காலத்தில் கட்டடத்திற்கும் சுண்ணாம்பிற்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தனர். அப்பாறைகளோ கடலினுள் இருந்து அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகளைக் காக்கும் பொருட்டு, 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்போது உயிருள்ள பவளத்தைப் பெயர்ப்பது குற்றமாகும்.

ஊர் அழிந்த பின்னும் மீனவக் குடும்பங்கள் சில அம்மணலை விட்டு நீங்கவில்லை. ஓலைக் குடிசைகளில் அவர்கள் வாழ்கின்றனர். இருபுறமும் உப்புக் கடல் சூழ்ந்திருக்க, அவர்கள் மணலில் சில அடி ஆழம் தோண்டி நன்னீர் பெறுகின்றனர். மழைநீர் மணலில் ஊறி இறங்குகிறது. கடல்நீரினும் எடை குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு தோண்டினால் இனிய நீர் ஊறும். பேராசை கொண்டு ஆழத் தோண்டினால் உவர்நீரே மேலெழும். இயற்கையோடு அளவறிந்து வாழவேண்டும் என்பதற்கு அந்தச் சிற்றூற்றே சான்றாகும்.

பொழுது சாயும் வேளையில் காவலர் பயணிகளைத் திரும்பிச் செல்லுமாறு பணிப்பர். நீரோட்டம் கடுமையான அரிச்சல்முனையில் நீராடலாகாது என்றும் எச்சரிப்பர். இவற்றை இன்பத்திற்குத் தடையெனச் சிலர் கருதுவர். ஆனால், இடிந்த சுவர்களைக் கண்டு, அன்றைய இரவை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கருதார். அவர்கள் அச்சுவர்களில் தம் பெயரைக் கீறமாட்டார்கள்; கரையில் குப்பையை எறியமாட்டார்கள். கடலின் அழகைக் கண்ட கண்களோடு, அதன் ஆற்றலை உணர்ந்த உள்ளத்தோடும் திரும்புவர். தனுஷ்கோடியை உண்மையில் கண்டு வந்தவர் அவர்களே.