தஞ்சை அரண்மனைக்குக் கிளம்பும் முன்…

பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு முன்னால் கிடைத்த அரைமணியில் அரண்மனைக் கலைக்கூடத்துக்குள் ஓடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேர்த்து வெளியே வந்து, "எல்லாம் சிலைதான்" என்பார்கள். ஆயிரம் வருடத்துச் செப்புத் திருமேனிகளைத் தாண்டி வந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி ஆகவேண்டாம்.

செய்ய வேண்டியவை

• காலையிலேயே போய்விடுங்கள். உச்சிவெயிலில் அந்தக் கூடங்களில் நின்று பார்க்க முடியாது.

• சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகம், தர்பார் மண்டபம் எல்லாம் ஒரே வளாகம்தான், ஆனால் நிர்வாகம் வேறு, டிக்கெட்டும் வேறு. இன்று எது மூடியிருக்கிறது என்பதைக் கவுண்ட்டரிலேயே கேளுங்கள்.

• கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன் முன்னால் கால்மணி நேரமாவது நில்லுங்கள். ராஜராஜன் காலம், 1011. சடையைச் சுற்றித் தலைப்பாகையாகக் கட்டி, காலைக் குறுக்கே வைத்து, காளைமேல் கையை ஊன்றி நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கையைப் பாருங்கள், காளை எவ்வளவு உயரம் என்று அதுவே சொல்லிவிடும். பக்கத்தில் அம்மன், அடுத்த வருடம் செய்தது. மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

• ஒவ்வொரு சிலையின் கீழும் ஊர்ப்பெயரைப் படியுங்கள். திருவெண்காடு, தாராசுரம் என்று நீங்கள் பஸ்ஸில் தாண்டிப்போகும் ஊர்கள்தான். மறுநாள் அங்கே போனால் கோயில் வேறு மாதிரித் தெரியும்.

• மன்னர் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலையைப் பார்த்த கையோடு சிவகங்கைப் பூங்காவில் உள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்கும் போங்கள். இந்தச் சிலையும் அங்கே உள்ள சிற்பமும் லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செய்தவை. தேவாலயச் சிற்பத்தில், படுக்கையில் கிடக்கும் தன் குரு ஸ்வார்ட்ஸைப் பார்க்க சரபோஜி வந்து நிற்கிறார்.

• பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டால் அரண்மனையில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது.

செய்யக்கூடாதவை

• சிலையைத் தொடாதீர்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது, அது செம்பை அரிக்கும். குழந்தையைத் தூக்கித் தொட்டுக் கும்பிட வைக்கவும் வேண்டாம்.

• பூ, விபூதி, காசு வைக்காதீர்கள். கும்பிடத் தோன்றினால் கை கூப்புங்கள், போதும்.

• சரஸ்வதி மகாலில் போனை வெளியே எடுக்காதீர்கள். ஓலைக்கும் பழைய தாளுக்கும் வெளிச்சம் ஆகாது. ஃபிளாஷை எங்குமே போடாதீர்கள்.

• "மண்ணில் புதைந்து கிடந்த பழைய சிலை சார், வாங்கிக்கிறீங்களா" என்று யாராவது ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டால் நிற்காதீர்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இப்படி வாங்கினார். பாசி பிடித்த மாதிரிப் பச்சை ஏற்றிய புதுச் சிலை அது, பணம் திரும்பவே இல்லை. உண்மையிலேயே பழையதாக இருந்தால் இன்னும் ஆபத்து. நூறு வருடம் தாண்டிய சிலையைப் பதிவில்லாமல் வைத்திருந்தால் 1972-ஆம் வருடச் சட்டம் பாயும். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடமே 2008-இல் ஸ்ரீபுரந்தான் நடராஜரைத் திருட்டுச் சிலை என்று தெரியாமல் வாங்கி, 2014-இல் திருப்பித் தந்தது. நிபுணர்களுக்கே அந்தக் கதி. சிலை வேண்டுமென்றால் சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகில் செய்து, காவிரி வண்டல் பூசி, உலோகம் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பில்லோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

• நாகப்பட்டினத்துப் புத்தர் சிலைகளைத் தேடி நாகைக்குப் போகாதீர்கள். 1856 முதல் அங்கே கிடைத்த சுமார் 350 சிலைகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

• வெள்ளிக்கிழமை தரங்கம்பாடிக் கோட்டைக்குக் கிளம்பாதீர்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.