பிற நாயைக் கண்டு சீறும் நாயைப் பழக்கும் முறை

தன்னை வளர்ப்பவனிடத்துக் குழந்தைபோல் ஒழுகும் நாய், தன் இனத்ததாகிய மற்றொரு நாயைக் கண்டமாத்திரத்தில் புலியாக மாறுவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அதனைக் குணங்கெட்டதென்று இகழ்ந்து, கொல்லையிற் சங்கிலியாற் பிணித்து, ஆயுள் முழுதும் அங்கேயே கிடக்கவிடுதல் பலரது வழக்கம். சிலர் வண்டியிலேற்றி அயலூர் எல்லையில் விட்டு மீள்வதும் உண்டு. அங்ஙனம் விடப்பட்டது, அவ்வூர் நாய்களாற் கடியுண்டு மடிதல் அரிதன்று. ஆகவே, இக்குணத்துக்குப் பரிகாரம் உண்டோ என்னும் வினா, அவ்வுயிரைப் பொறுத்தவரை வாழ்வா சாவா என்னும் வினாவேயாகும். பெரும்பாலும் உண்டு என்பதே நம் துணிபு.

முதற்கண் காரணத்தை ஆராய்வோம். பகைமையாற் சீறும் நாய்கள் சில. அச்சத்தாற் சீறுவன பல. பிறந்த மூன்றாம் வாரமுதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவத்திலேதான் குட்டியானது தன் இனத்தோடு கூடிப் பழகக் கற்கிறது. அமெரிக்க அறிஞராகிய ஸ்காட், புல்லர் என்னும் இருவரும் இதனை நெடுங்காலம் ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். கண் திறந்த சின்னாளிலேயே தாயினின்று பிரிக்கப்பட்டு, வீட்டு முற்றத்தைத் தாண்டாது வளர்ந்த குட்டிக்கு அக்கல்வி வாய்ப்பதில்லை. பின்னர்த் தெருவிற் பிற நாயைக் கண்டால் அஃது அஞ்சுகிறது. கயிற்றிற் பிணிப்புண்டிருத்தலின் ஓடித் தப்பவும் இயலாது குரைக்கிறது. எதிர்ப்பட்ட நாயோ தன் வழியே போய்விடுகிறது. குரைத்ததனாலேயே அது போயிற்றென்று நம் நாய் முடிவு கட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் இப்பாடம் உறுதிப்படுகின்றது.

அடித்தும் மல்லாக்கத் தள்ளியும் தலைவன் இன்னானென்று நாய்க்கு உணர்த்தவேண்டும் எனக் கூறுவார் இன்றும் உளர். 1947-ஆம் ஆண்டில் ஷெங்கல் என்பார், அடைத்துவைக்கப்பெற்ற ஓநாய்களை ஆராய்ந்து எழுதியவற்றிலிருந்து பரவிய கருத்து இது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டமோ பெரும்பாலும் தாய், தந்தை, மக்கள் என்னும் ஒரு குடும்பமே என்பதை மெக் என்னும் அறிஞர் 1999-ஆம் ஆண்டிற் தெளிவுறுத்தினார். அடிக்குப் பயன் இல்லையென்பது மட்டுமன்று, கேடும் உண்டு. உறுமுதல் நாய் தரும் முன்னறிவிப்பு. உறுமுந்தோறும் அடித்தால் அது உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாயை நாமே ஆக்கினவராவோம்.

நிற்க. மேனாட்டு நூல்கள் கூறும் முறையை நம் ஊர்களில் அப்படியே கைக்கொள்ளல் அரிது. அவ்விடங்களில் எதிர்வரும் நாயும் கயிற்றிற் கட்டுண்டு ஒருவர் கையில் இருக்கும். அச்சரப்பாக்கம் போன்ற ஊரிலோ ஒவ்வொரு தெருவுக்கும் உரிய நாய்கள் உண்டு. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியை அடுத்த கடைகளில் ஒரு கூட்டம், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒரு கூட்டம், புகைவண்டி நிலையத்தருகே ஒன்று. அயல் நாய் கால்வைத்த அளவில் அவை தாமே ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும். அவற்றை ஒழித்துவிடலாமென்று நினைத்தலும் வீண். 2001-ஆம் ஆண்டிலும், பின்னர் 2023-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட விதிகள், தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டுப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடவேண்டுமென்கின்றன. ஆதலின் அவை நமக்கு அண்டை வீட்டார்.

இவ்வூரில் நாமறிந்த ஓர் இல்லத்தில், கன்னி இனக் கலப்புடைய ஆண் நாயொன்று இருந்தது. இருமுறை பிற நாய்களைக் குருதி வரக் கடித்தபின், அதனை அப்புறப்படுத்திவிட அவ்வீட்டார் துணிந்தனர். வீட்டின் இளைஞர் ஒருவர் மட்டும் இரண்டு மாதம் தவணை கேட்டார். அவர் கைக்கொண்ட முறையையே இங்கு விரிக்கிறோம்.

முதலிற் கால்நடை மருத்துவரிடம் காட்டினார். செய்யவேண்டியதை முன்னர்ச் செய்யாது புறப்பட்ட தேரின் அச்சு இற்ற ஊர் இதுவென்பது தலபுராணம். நாய்ப் பயிற்சியிலும் அம்முதற் கடன் மருத்துவப் பரிசோதனையே. காதிற் புண்ணோ மூட்டில் நோவோ உள்ள நாய் எதனைக் கண்டாலும் சீறும். அந்நாய்க்கும் காதிற் சீழ் இருந்தது. அது ஆறியபின்னரே பயிற்சி தொடங்கிற்று.

தெரு நாய்கள் நிழலில் உறங்கும் நண்பகல் தொலைவில் நின்று பழக்க ஏற்றதாயினும், வெயிலில் தார்ச்சாலை நாயின் அடியைச் சுடும். ஆகையால் அவர் விடியற்காலையில் ஏரிக்கரையைத் தேர்ந்துகொண்டார். ஏரிகள் மலிந்த செங்கற்பட்டுச் சீமையில் இதற்குக் குறைவில்லை. கரைமேல் நின்றால் எதிரே வரும் நாய் நெடுந்தூரத்திலேயே தோன்றும். தம் நாய் பிற நாயைக் கண்டும் குரைக்காமல் நிற்கும் தூரம் எவ்வளவென்று முதலிற் கணித்தார். அப்போது அது எண்பது அடிக்குக் குறையவில்லை. பிற நாயைக் கண்டவுடன் வேகவைத்த ஈரல் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பார். அது மறைந்தவுடன் நிறுத்திவிடுவார். வரிசை மாறலாகாது. நாய் தோன்றுதல் முன்னும் உணவு பின்னுமாக வரவேண்டும். ஓர் ஒலியைக் கேட்பித்து உடனே உணவளித்துவந்தால், பின்னர் ஒலி கேட்ட அளவிலேயே நாய்க்கு வாயூறும் என்று ருஷிய அறிஞர் பாவ்லாவ் கண்டதும் இவ்வரிசையைப் பற்றியதே. உணவை முன்னே காட்டிப் பின்னே பகைவனைக் காட்டினால், உணவைக் கண்டே அஞ்சத் தொடங்கும்.

உணவைத் தின்ன மறுத்தல், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பதற்கு ஐயமற்ற குறி. உடல் விறைத்தல், வாய் மூடல், வால் நிமிர்தல், இமையாது நோக்கல் ஆகியன அதற்கும் முந்திய குறிகள். அவற்றைக் கண்டவுடன் பேசாமல் திரும்பிப் பின்னடைதல் வேண்டும். கயிற்றை இறுக்குதல் கூடாது. கழுத்து நெரிதலும் பிற நாய் வருதலும் அதன் மனத்தில் ஒன்றாய்ப் பிணைந்துவிடும். கழுத்துப்பட்டையினும் மார்புப்பட்டை நன்று.

ஒரு மாதம் எண்பதடி நாற்பதாயிற்று. ஒருநாள் இரண்டு தெரு நாய்கள் எதிர்பாராது பாய்ந்துவர, ஒரு வாரத்துப் பயன் அழிந்தது. அதன்பின் அவர் ஒரு பிடி சோற்றுருண்டைகளையும் எடுத்துச் செல்வாராயினர். ஓடிவரும் நாய்களின் முன்னே அவற்றை வீசிவிட்டு, அவை பொறுக்குமளவில் விலகிப்போதல் கோலோங்குதலினும் பயன்பட்டது. இரண்டாம் மாத இறுதியில் அந்நாய், தெருவின் மறுபுறம் செல்லும் நாயைக் கண்டு, தன் தலைவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கக் கற்றது. நட்பு உண்டாகவில்லை, இன்றளவும் இல்லை. பிற நாயோடு விளையாடவேண்டுமென்பது நம் ஆசையேயன்றி அதன் தேவையன்று. வீட்டார் அதனை வைத்துக்கொண்டனர்.

கூட்டமுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் வாய்க்கூடு இடுக. அது மூச்சிரைக்கவும் நீர் பருகவும் இடந்தரும் கூடாயிருக்கவேண்டும். வாயை இறுகக் கட்டும் துணி, நம் வெயிலில் உயிருக்கே அபாயம். ஆண் நாய்களுக்குள் நேரும் சண்டை கருத்தடையாற் சிறிது தணியலாம். அச்சத்தாற் சீறும் நாய்க்கு அதுவே மருந்தென்று நம்புதல் தகாது.

சண்டை மூண்டுவிட்டால் இடையே கை நுழைத்தல் ஆகாது. நீரை வாரி இறைத்தோ, கனத்த போர்வையை மேலே எறிந்தோ பிரிக்கவேண்டும். மனிதர் கடியுண்டால் வெறிநாய்க்கடி நோயை மறத்தலாகாது. அந்நோய்க் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. புண்ணை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நாய்க்கு மூன்றாம் மாதத்தில் முதலூசியும், பின்னர் மருத்துவர் குறிக்கும் காலந்தோறும் ஊசியும் போட்டு, அதற்குரிய சீட்டை வீட்டிற் பத்திரமாய் வைத்திருத்தல் வேண்டும்.