சக்கர நாற்காலியும் சமுத்திர யாத்திரையும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

குமரி முனையைச் சுற்றி வாழும் நாஞ்சில் நாட்டாருக்குக் கடல் புதிதன்று. குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் படகுகள் நாள்தோறும் அலை கடந்து போய்வருகின்றன. வயல்வெளிகளின் நடுவே வாழ்கிறவர்களும் ஆடி அமாவாசைக்கு முக்கடல் சங்கமத்தில் ஒரு முழுக்குப் போடாமல் இருப்பதில்லை. ஆயினும், கப்பலில் உல்லாசப் பிரயாணம் போவதென்ற பேச்சு எழுந்து, போகிறவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றும் தெரிந்துவிட்டால், அனுபவத்தைக் காட்டிலும் அபிப்பிராயமே முந்திக்கொண்டு பேசத் தொடங்கிவிடுகிறது.

முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதித்து ஓய்வு பெற்ற என் அத்தை, பக்கவாதம் கண்டபின் சக்கர நாற்காலியில் இருக்கிறார். சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துத் திரும்பலாம் என்று அவருடைய பேரன் சொன்ன அன்று மாலை, எங்கள் வீட்டுப் படிப்புரையில் கூடிய பந்துக்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு அத்தை மெல்லக் கேட்டார்: “எங்கிட்ட ஆராவது ஒரு வார்த்தை கேட்டியளா மக்கா?”

அந்த மாலையில் வழங்கப்பட்ட தீர்ப்புகளையும், பிறகு விசாரித்தும் பிரயாணம் செய்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நம்பிக்கை: “கப்பல் ஆடும், நாற்காலி உருண்டு ஓடிவிடும்.”

உண்மை: மீன்பிடி படகில் கண்டதை, பல்லாயிரம் டன் நிறையுள்ள கப்பலுக்கும் ஏற்றிச் சொல்லுவதால் வருகிற பிரமை இது. பெரிய பிரயாணிக் கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே, இரு பக்கங்களிலும் மீனின் துடுப்புப் போன்ற தகடுகள் நீட்டிக்கொண்டிருந்து, பக்கவாட்டு ஆட்டத்தைப் பெரிதும் அடக்குகின்றன. நாற்காலிக்கும் பிரேக் உண்டு; நிற்குமிடத்தில் அதைப் போட்டுவைப்பது நம் கடமை. ஏற்றத்தின் துலாவில் நடுவே நிற்பவனைவிட நுனியில் நிற்பவனே அதிகம் ஏறி இறங்குவதுபோல, கப்பலிலும் முன்னணியத்திலும் பின்னணியத்திலும் உள்ள அறைகளே மிகுதியாக ஆடும்; நடுப்பகுதியில், கீழ்த்தளமொன்றில் அறை எடுத்தால் ஆட்டமும் குமட்டலும் குறையும்.

போலியோவுக்குப் பின் சக்கர நாற்காலியைச் சார்ந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1943 நவம்பரில், உலக மகா யுத்தத்தின் நடுவே, டெஹ்ரான் மகாநாட்டுக்குப் போகும் வழியில் ‘அயோவா’ என்னும் போர்க்கப்பலில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார். அவருடைய வசதிக்காக அந்தப் போர்க்கப்பலில் குளியல் தொட்டியும் மின்தூக்கியும் அமைத்தார்கள். பீரங்கிகளுக்காகக் கட்டிய கப்பலையே ஒரு மனிதருக்கு ஏற்றவாறு திருத்த முடிந்ததென்றால், பிரயாணிகளுக்கென்றே கட்டுகிற கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கை: “கப்பல் மிதக்கும் மாளிகையாயிற்றே, எந்த அறை எடுத்தால் என்ன?”

உண்மை: மாளிகைதான், ஆனால் அதன் சாதாரண அறைகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டடி அகலம்கூட இராது. தண்ணீர் அறைக்குள் வராதிருக்க வைத்த உயர்ந்த வாசற்படி வேறு குறுக்கே கிடக்கும். சக்கர நாற்காலிக்காரருக்கென்று அமைத்த அறைகள் தனியே உண்டு. அவற்றில் கதவு ஏறக்குறைய 32 அங்குல அகலம் இருக்கும். வாசல் சமதளமாக இருக்கும். நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்புவதற்கு ஐந்தடி இடமும், அமர்ந்து குளிக்க ஆசனமும், சுவரில் கைப்பிடிகளும் இருக்கும். ஆயிரம் அறைகள் கொண்ட கப்பலிலும் இத்தகையவை சில பத்துகளுக்கு மேல் இரா. ஆகையால், தேதியைத் தீர்மானித்துவிட்டு அறையைத் தேடுவது தலைகீழான காரியம். இந்த அறை கிடைக்கும் தேதியைக் கண்டு, அதன்பின் மற்ற ஏற்பாடுகளைச் செய்வதே விவேகம்.

எங்களுக்குச் சீட்டுப் பதிவு செய்ய வந்த முகவர், ஒவ்வொரு கேள்விக்கும் “எல்லாம் சரியாகிவிடும் சார்” என்றார். அந்தப் பதிலில் அங்குலக் கணக்கு இல்லை. என் மனைவி தையல் டேப்பை எடுத்துவந்து, அத்தை நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே அளந்தாள். ஒரு சக்கரத்தின் வெளிவளையத்திலிருந்து மற்றதன் வெளிவளையம் வரை இருபத்தைந்தரை அங்குலம். வளையத்தைப் பிடித்துத் தள்ளுகிற விரல்முட்டிகளுக்காகப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் இருபத்தேழரை. அந்த அளவையும், அமர்ந்த நிலையில் உயரத்தையும், நாற்காலியின் எடையையும் ஒரு தாளில் எழுதிக் கப்பல் நிறுவனத்துக்கே அனுப்பி, அறைக்கதவின் அளவையும் குளியலறைக்கதவின் அளவையும் எழுத்து மூலம் வாங்கிய பின்னரே பணம் கட்டினோம். முகவர் முதலில் குறித்து வைத்திருந்தது சாதாரண அறை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நம்பிக்கை: “நாலு ஆள் இருந்தால் தூக்கி வைத்துவிடலாம்.”

உண்மை: நம்மவரிடையே மிகவும் வேரூன்றிய நம்பிக்கை இதுதான், நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது என்பதனாலேயே அதை மறுப்பதும் கடினம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காயலில் படகேறும்போது, நானும் இரண்டு உறவினர்களும் அத்தையை நாற்காலியோடு தூக்கினோம். நான் பிடித்தது கைதாங்கியை. பல நாற்காலிகளில் கைதாங்கியும் கால்பலகையும் கழற்றி மாட்டும்படி அமைந்தவை என்பது, அது என் கையோடு கழன்று வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மற்ற இருவரும் சட்டத்தைப் பிடித்திருந்தமையால் பெருங்கேடு நேரவில்லை. அன்று முழுவதும் அத்தை ஒன்றும் பேசவில்லை. பயத்தைவிட, கரையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க ஒரு மூட்டையைப்போல் கைமாறியதே அவரை வருத்தியதென்று பிறகு சொன்னார்.

அநேகக் கப்பல்களில் சிப்பந்திகள் பிரயாணியைத் தூக்குவதற்கு அனுமதியில்லை. எனவே, போகும் ஊரில் கப்பல் எப்படி நிற்கும் என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். துறைமேடையை ஒட்டி நின்றால் பாலம்போன்ற சாய்தளத்தின் வழியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கலாம்; கடலேற்ற இறக்கத்துக்கேற்பச் சாய்வு மாறுமாதலால், எந்த நேரத்தில் இறங்குவது எளிது என்று சிப்பந்திகளைக் கேட்பது நலம். கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் கரைசேர்ப்பதாக இருந்தால், அலையின் போக்கைப் பொறுத்து நாற்காலிக்காரரை ஏற்ற மறுக்கக்கூடும். பினாங்கில் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறைமேடையை ஒட்டியே எங்கள் கப்பல் நின்றது. அத்தை இறங்கி, நம்மூர்க் கடைத்தெருவின் சாயல் கொண்ட ‘லிட்டில் இந்தியா’வையும் மாரியம்மன் கோயிலையும் கண்டு திரும்பினார். அங்கும் கடைகளின் முன்னே போகிற ஐந்தடி நடைவழிகள் படியும் மேடுமாக இருந்தமையால், நாற்காலியைத் தெருவோரமாகவே தள்ள வேண்டியிருந்தது. புக்கெட்டிலோ, பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம். அங்கே அத்தை இறங்கவில்லை. இது முன்கூட்டியே தெரிந்திருந்தபடியால் எங்களுக்கு ஏமாற்றமாகப் படவில்லை.

நம்பிக்கை: “மின்கல நாற்காலியை ஏற்றவே மாட்டார்கள்.”

உண்மை: ஏற்றுவார்கள், மின்கலம் எவ்வகை என்பதைத்தான் கேட்பார்கள். திராவகம் சிந்தக்கூடிய பழைய வகைக்குத் தடை இருக்கும். சிந்தாத வகைக்கும் லித்தியம் வகைக்கும் நிபந்தனைகளோடு இடமுண்டு. நாகர்கோவிலிலிருந்து போகிறவர் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டியிருக்குமாதலால், விமான விதியும் இங்கே சேர்ந்துகொள்கிறது: கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் ஒன்றானால் 300 வாட்-மணிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும், கழற்றி, கைப்பையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கப்பலில் நாற்காலியை அறைக்குள்ளேதான் நிறுத்தவேண்டும். நடைவழி அவசரக்காலப் பாதையாகையால் அங்கே விட அனுமதியார்.

நம்பிக்கை: “ஆபத்து வந்தால் முதலில் கைவிடப்படுபவர் இவர்தான்.”

உண்மை: 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் பிறந்த கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, காலந்தோறும் திருத்தப்பட்டு இன்றும் உலகக் கப்பல்களை ஆளுகிறது. அவசரக்காலத்தில் தமக்குத் தனி உதவி தேவையென்று அறிவித்த பிரயாணிகளின் விவரத்தைக் கப்பல் புறப்படுமுன் தலைவரிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்பது அதன் விதிகளுள் ஒன்று. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் பிரயாணிக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறியவர்களுக்கு அவசரக்கால ஒத்திகை நடத்தப்படாதிருந்தது வெளியாயிற்று. அதன் பின்னர், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டுமென்று விதி திருத்தப்பட்டு, 2015 முதல் அமலில் இருக்கிறது.

விதி இருந்தும் பயன்படாமற் போவது ஒரே காரணத்தால்: நாம் சொல்லுவதில்லை. உடம்பின் குறையை வெளியே சொல்லுவது கௌரவத்துக்குக் குறைவென்று எண்ணி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். அறிவிக்காதவரைப் பட்டியல் அறியாது. தீ நேர்ந்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. படியில் இறக்குவதற்கென்று தனி நாற்காலி இருக்கும். அது எங்கே இருக்கிறது, யார் வருவார் என்பதை முதல்நாளே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: “இதெல்லாம் வெளிநாட்டுச் சௌகரியம், நம் நாட்டில் யாராவது தயவு வைத்தால்தான் உண்டு.”

உண்மை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது, எல்லா வகைப் போக்குவரத்தும் அவர்களுக்கு எட்டும்படி அமைய அரசு ஆவன செய்ய வேண்டுமென்று அதன் 41ஆம் பிரிவு கூறுகிறது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் சிபாரிசுகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. காகிதத்தில் மட்டுமா என்று கேட்பவர்கள் கொச்சிக்குப் போய்ப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய ‘வாட்டர் மெட்ரோ’வில், படகு வந்து ஒட்டும் மேடையே நீரில் மிதக்கிறது. நீர் ஏறினால் மேடையும் ஏறுகிறது, நீர் இறங்கினால் மேடையும் இறங்குகிறது. ஆதலால் படகின் தளமும் மேடையின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்க, நாற்காலிக்காரர் யாருடைய கையையும் எதிர்பாராமல் ஏறிவிடுகிறார்.

நம்பிக்கை: “பாவம், அவருக்கு வீட்டில் இருப்பதே சுகம்.”

உண்மை: சுகம் எது என்பதை அவரன்றோ சொல்ல வேண்டும்? 1975இல், கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், அங்கே நடந்த சோதனையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரும் வீட்டில் இருப்பதே சுகமென்று இருந்திருக்கலாம். 1981இல், நமக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலுள்ள தென்காசிச் சீமையின் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கத்தை நிறுவி, எத்தனையோ குழந்தைகளை நடக்கவும் படிக்கவும் செய்தார். 2020இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

புக்கெட்டில் நாங்கள் கரைக்குப் போகத் தயங்கி நின்றபோது, “நான் அந்தமான் கடலை மேப்புலதான் காட்டியிருக்கேன், இன்னைக்கு நேரில பாக்கேன், நீங்க போயிட்டு வாங்க” என்று எங்களைத் துரத்திவிட்டார் அத்தை. மாலையில் திரும்பியபோது மேல்தளத்தில் அதே இடத்தில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அயல்நாட்டுச் சிறுவன் ஒருவனுக்கு, குமரி எந்தத் திசையில் இருக்கிறதென்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய சில வாரங்களில் அவரைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனோம். விவேகானந்தர் மண்டபம் 1970இல் திறக்கப்பட்ட பின், ஆண்டுதோறும் தம் மாணவிகளைப் படகேற்றி அங்கே கூட்டிப்போனவர் அவர். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த, 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம், மண்டபப் பாறைக்கும் வள்ளுவர் சிலைப் பாறைக்கும் இடையே இருந்த கடலைத் தரையாக்கிவிட்டது. கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே இன்றும் படகுதான். கொச்சிக் காயலைப்போல் அமைதியான நீரன்று இது. திறந்த கடலின் ஏற்றமும் இறக்கமும் படகைச் சும்மா விடுவதில்லை என்பதை நான் மறக்கவில்லை. மலாக்கா நீரிணையைப் போகவும் வரவும் கடந்துவந்த அத்தை, கரையிலிருந்தே, படகு வந்து துறையில் அணைவதையும், ஜனங்கள் ஒவ்வொருவராகக் காலெடுத்து வைத்து ஏறுவதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, படகுக்கும் துறைக்கும் நடுவே தெரிந்த தண்ணீரைக் கண்ணால் அளந்தவர்போல், என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“ஒரு மொழந்தானே மக்கா இருக்கு.”