குளுட்டமேட்: கருவி சொல்வதும் பில் சொல்வதும்

2015 ஜூன் மாதத்தை மளிகை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். மேகி நூடுல்சில் ஈயம் அதிகம், 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்ட பாக்கெட்டில் அது உள்ளது என்று புகார் எழுந்தது. 4-ஆம் தேதி தமிழக அரசும், 5-ஆம் தேதி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடை விதித்தன. ஆகஸ்ட் 13-இல் மும்பை உயர் நீதிமன்றம் மத்தியத் தடையை ரத்து செய்தது.

எம்.எஸ்.ஜி. என்பது நாம் அஜினோமோட்டோ என்று விற்கும் சரக்குதான். அதில் சுவை தருவது குளுட்டமேட். 1908-இல் ஜப்பானிய விஞ்ஞானி இக்கேடா இதைக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். நம் கிணத்துக்கடவுத் தக்காளியிலும் இது இயற்கையாகவே உண்டு.

இதை அளக்க மின்வேதி உணரி என்ற சிறு கருவியை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டருக்கு இது தம்பி முறை. மின்முனையின் மேல் குளுட்டமேட் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பூசுகிறார்கள். கரைத்த மாதிரியில் குளுட்டமேட் இருந்தால், நொதி அதை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அந்தப் பெராக்சைடு மின்முனையில் சிறு மின்னோட்டத்தைத் தரும். மின்னோட்டம் கூடினால் குளுட்டமேட் கூடுதல் என்று பொருள்.

இதில் இரண்டு சிக்கல்கள். உணவிலுள்ள வைட்டமின் சி-யும் மின்முனையில் மின்னோட்டம் தரும். அதைத் தடுக்க மெல்லிய படலம் போடுகிறார்கள். இரண்டாவதற்கு மருந்து இல்லை. தக்காளியில் விளைந்த குளுட்டமேட்டும் மூட்டையிலிருந்து கொட்டிய குளுட்டமேட்டும் ஒன்றே. கருவி 'எவ்வளவு' என்று சொல்லும். 'யார் போட்டது' என்று சொல்லாது. சேர்த்ததா, இயற்கையா என்று பிரித்தறியும் சோதனை முறை இல்லை என்று ஆணையமே 2016 மார்ச் 31 உத்தரவில் கூறி, தயாரிப்பு இடத்தை ஆய்வு செய்யும்படி அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? மசாலா, சூப் பொடி, நூடுல்ஸ் எதுவானாலும் தயாரிப்பாளர் பெயர், லேபிள், தொகுதி எண் இல்லாத சரக்கை இறக்கக் கூடாது. எம்.எஸ்.ஜி. சேர்த்திருந்தால் லேபிளில் அறிவித்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் தரும் பில்லே எழுத்து மூலமான உத்தரவாதமாகக் கருதப்படும். பத்து ரூபாய் மலிவு என்று பில் இல்லாமல் வாங்கினால், மாதிரி எடுக்கும் நாளில் நம் பக்கம் பேச ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.