முதியோர் உணவில் மரக்கறியும் பழமும்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டு ஆச்சியின் கோப்பையை ஒருமுறை பாருங்கள். சோறும் சொதியும் முடிந்திருக்கும். பயற்றங்காய்த் துண்டுகள் மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். கேட்டால், "எனக்குக் காணும் பிள்ளை, பசியில்லை" என்பார். நாமும் நம்பிவிடுகிறோம். பல வீடுகளில் அது பசியின் குறையன்று, பல்லின் குறை.

வயது ஏற ஏறப் பல் ஆடுகின்றது, வாய் உலர்கின்றது, சுவையும் மணமும் மங்குகின்றன. கட்டுப்பல் சரியாகப் பொருந்தாதவருக்கு ஒரு கொய்யா விதையே போதும், அன்று முழுவதும் வேதனைதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, தேநீரில் தோய்த்த பாணுக்கும் விசுக்கோத்துக்கும் மாறிவிடுகிறார்கள். வயிறு நிரம்பிவிடும், ஆனால் நார்ச்சத்தும் உயிர்ச்சத்துக்களும் போதியளவு சேரா. பிறகு மலச்சிக்கலுக்குக் குளிகை தேடுகிறோம்.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. 80 கிராம் வீதம் ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இக்கணக்கில் சேரமாட்டா. முதியவர் தானே என்று இந்த அளவைக் குறைக்க இடமில்லை.

இதற்காகப் புதிதாக ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. சமைக்கும் முறையைச் சற்று மாற்றினாற் போதும். பூசணிக்காயை மசியும்வரை அவித்துப் பாற்கறியாக வையுங்கள். முருங்கைக்காயின் சதையை வழித்துக் கொடுங்கள். கீரையை வறையாகக் கொடுப்பதிலும் மத்தால் கடைந்து கொடுப்பது பல்லில்லாதவருக்கு நல்லது. அதில் சிறிது தேங்காய்ப்பால் சேர்ந்தால், கீரையிலுள்ள கரோட்டின் என்னும் சத்தை உடல் நன்றாக ஏற்கும். அடுப்பால் இறக்கிய பின்பே தேசிக்காய்ப்புளி விடுவது நம் தாய்மாரின் வழக்கம். அது வெறும் ருசிக்கானதன்று: உயிர்ச்சத்து சி கொதியில் அழியக்கூடியது, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கும் அது துணைசெய்கிறது. மரக்கறியை வெட்டிய பின் ஊறவிட்டுக் கழுவாதீர்கள். முதலிற் கழுவி, பிறகு வெட்டுங்கள்.

பழங்களில் பப்பாசியும் கதலி வாழைப்பழமும் கனிந்த மாம்பழமும் கரண்டியால் மசித்து உண்ணத்தக்கவை. "சலரோகக்காரர் பழத்தைத் தொடவே கூடாது" என்று சிலர் தடுப்பது தவறு. அளவாக, முழுப்பழமாக உண்ணலாம். சீனி போட்ட பழரசந்தான் ஆகாது. அளவை வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

சிலருக்கு உண்மையாகவே கவனம் தேவை. சிறுநீரக நோயாளருக்கு வாழைப்பழமும் இளநீரும் வைத்தியர் சொன்ன அளவில்தான். தமரத்தங்காய் அவர்களுக்கு நஞ்சுக்கு ஒப்பானது. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் குளிகை எடுப்பவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்றிருந்தால் மருந்தின் வேலை குழம்பும்.

தவக்காலத்தில் மற்றொரு சங்கடம் உண்டு. ஒருசந்திக் கடமை அறுபதாவது வயது தொடங்கும்வரைதான் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. எண்பது வயது அப்பு இன்னும் ஒருநேரச் சாப்பாட்டுடன் இருப்பார்! சுத்தபோசனம் அவருக்கும் உண்டு. ஆனால் அது இறைச்சியை விடுவதேயன்றி வெறும் சோறும் சம்பலும் உண்பதன்று. சொன்னாற் கேட்கமாட்டார் என்றால் பங்குத்தந்தையைக் கொண்டு சொல்விப்பது நல்லது.

இன்னொன்று. வீட்டிலே ஒரே மாம்பழம் இருந்தால் ஆச்சி அதைப் பேரப்பிள்ளைக்கே கொடுத்துவிடுவார், தமக்குப் பிடிக்காது என்றும் சொல்லுவார். அதற்கு இடங்கொடாமல், தோல் சீவி, சிறிதாய் வெட்டி, அவருடைய பங்கை முதலிலே எடுத்துவையுங்கள். அவர் உண்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.