பாடம் கேட்ட ஆசிரியர்கள்

இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் மாலை வகுப்பு நடத்திய காலத்தில், இழப்புகளை இறைசித்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாம் அடிக்கடி கூறுவதுண்டு. ஒருநாள் முதியவர் ஒருவர் எழுந்து, "சுவாமி, உங்கட காணி பறிபோயிருந்தா நீங்களும் இப்பிடித்தான் சொல்லுவியளோ?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. அன்று வகுப்பை நேரத்தோடு முடித்துக்கொண்டோம்.

இப்படியொரு மாலைப்பொழுது பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரேக்கும் வாய்த்தது. 1921இல் ரெசிஃபே நகரில் பிறந்த இவர் ஒரு கத்தோலிக்கர். 1929இன் பொருளாதார நெருக்கடி இவரது குடும்பத்தை வறுமையில் தள்ளியது. 1934இல் தந்தையும் இறந்தார். பசியினால் பாடம் ஏறாத பிள்ளையாக இருந்தவர் அவர். வறுமையை அறிந்தவர்தான்; ஆனால் படித்தவர்களுக்கு மறதி விரைவில் வந்துவிடுகிறது (எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்).

தொழிலாளர் குடும்பங்களிடையே பணியாற்றிய நாட்களில், பிள்ளைகளை அடிப்பது தவறு என்று பெற்றோருக்கு ஒரு விரிவுரை நிகழ்த்தினார். பெரிய அறிஞர்களின் ஆய்வுகளை எல்லாம் எடுத்துக்காட்டினார். முடிவில் நாற்பது வயது மதிக்கத்தக்க தொழிலாளி ஒருவர் எழுந்தார். எங்கள் வீடுகளை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டார். பிறகு, தாம் ஒருநாளும் போயிராத பிரெய்ரேயின் வீட்டை, அறை அறையாக, சரியாகவே விவரித்தார். குளித்து, உண்டு, அமைதியாக இருக்கும் பிள்ளைகளிடம் களைத்து வருவது ஒன்று. ஒடுங்கிய குடிசையில் பசியோடு அழும் பிள்ளைகளிடம் வந்து, மறுநாள் விடியுமுன் வேலைக்கு எழும்புவது வேறொன்று என்றார். அன்பில்லாமல் நாங்கள் அடிப்பதில்லை என்றும் விளக்கினார். வீடு திரும்பும் வழியில், அவர்களுக்கு என் பேச்சு விளங்கவில்லைப் போலும் என்று பிரெய்ரே குறைப்பட்டார். அவர்களை விளங்காதவர் நீங்கள்தானோ என்று மனைவி எல்சா கேட்டார். 1992இல் வெளியான நூலில் இதை அவரே எழுதியுள்ளார்.

அதே நூலில் இன்னொரு சம்பவமும் உண்டு. கரும்பு விளையும் பகுதியில் விவசாயி ஒருவர், தமக்குக் கல்வி கிடைக்காமற் போனது கடவுள் சித்தம் என்றார். ஒரு பிள்ளை படிப்பதற்காக மற்றப் பிள்ளைகளைப் பலிகொடுப்பீரா என்று பிரெய்ரே கேட்டார். மாட்டேன் என்றார் விவசாயி. அப்படியானால் எல்லோருக்கும் தந்தையான கடவுள் செய்வாரா? விவசாயி சிறிது நேரம் யோசித்தார். கடவுள் அல்ல, முதலாளிதான் காரணம் என்றார்.

இதை வாசித்தபோது எமக்கு யோபுவின் நண்பர்கள் நினைவுக்கு வந்தனர். துன்பத்துக்கு விளக்கம் சொன்ன அவர்கள்மேல் இறைவன் சினங்கொண்டார். அவர்களுக்காக யோபுவே மன்றாட வேண்டியதாயிற்று.

நாமும் மறுநாள் அந்த முதியவரின் கொட்டிலுக்குப் போனோம். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்று தயங்கிக் கேட்டோம். காணியைத் திருப்பித் தரும்படி தினமும் கடவுளோடு வாதாடுவதாகவும், கேட்பதை நிறுத்தினால்தான் விசுவாசம் போய்விட்டதென்று அர்த்தம் என்றும் சொன்னார். பிறகு தமது செம்பாட்டு மண், துலாக் கிணறு, வெங்காயப் பாத்திகள் பற்றிப் பேசினார். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

குழுவாகக் கலந்துரையாட: எமது இழப்புகளில் எவற்றைக் கடவுள்மேல் சுமத்தியிருக்கிறோம்? அவற்றின் உண்மையான காரணங்கள் எவை? உங்கள் பிள்ளைகளிடம் அண்மையில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?